அளவே உயிர்: சிறுநீரகமும் அட்ரினல் சுரப்பியும் உடலை ஆளும் முறை

முன்னுரை

மனித உடலை ஒரு நாடு எனக் கொண்டால், அந்நாட்டில் ஓசையின்றி நடைபெறும் ஆட்சி இயக்குநீர்களின் ஆட்சி எனலாம். உப்பு மிகுந்த ஊறுகாயை உண்கிறோம். சித்திரை வெயிலில் வியர்வை சொட்ட நடக்கிறோம். ஒருநாள் முழுதும் உண்ணாமல் பருகாமல் இருக்கிறோம். ஆயினும் நம் குருதியில் கலந்துள்ள சோடியத்தின் செறிவு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் என்னும் குறுகிய எல்லையை விட்டுப் பெரிதும் விலகுவதில்லை. இவ்வெல்லை மீறப்படின் முதலில் மயக்கமும், பின்னர் வலிப்பும், இறுதியில் உயிர்க்கேடும் நேரும். இந்த எல்லைக்காவலில் பெரும்பங்கு கொள்வன நம் முதுகுப்புறத்து விலாவெலும்புகளின் கீழ் மறைந்திருக்கும் சிறுநீரகங்கள் இரண்டும், அவற்றின் மேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் இரண்டும் ஆகும்.

கூடினாலும் குறைந்தாலும் கேடு என்னும் கருத்துத் தமிழர்க்குப் புதியதன்று. திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் அக்கருத்தைக் கொண்டே தொடங்குகிறது. அந்த அளவை உடல் எவ்வாறு அறிகிறது, எவ்வாறு காக்கிறது, அதனுள் நாம் அறியாது கைநுழைத்தால் என்ன நேர்கிறது என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இது தேர்வுக்காக மட்டும் கற்கவேண்டிய செய்தியன்று. நம் இல்லங்களின் மருந்துப் பெட்டிகளில் கிடக்கும் சில மாத்திரைகளை எவ்வாறு கையாளவேண்டும் என்பது இவ்வறிவைப் பொறுத்தே அமைகிறது.

பெயரும் இருப்பிடமும்

பொதுமக்கள் 'குண்டிக்காய்' என வழங்கும் சிறுநீரகம் அவரை விதையின் வடிவும் ஏறத்தாழ 150 கிராம் எடையும் உடையது. அதன் தலைமேல் தொப்பி கவிழ்த்தாற்போல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பியோ 4 அல்லது 5 கிராம் எடையே கொண்டது. இலத்தீன் மொழியில் 'அட்' என்பது அண்மையையும் 'ரென்' என்பது சிறுநீரகத்தையும் குறிக்கும். சிறுநீரகத்தை அண்மியது என்னும் இப்பொருள் தோன்றவே நம் அறிஞர் இதனை 'அண்ணீரகம்' எனத் தமிழாக்கினர். இடத்தால் அமைந்த பெயரேயன்றிச் செயலால் அமைந்த பெயரன்று இது. பெயரிட்டோர்க்கு அதன் செயல் தெரியாதிருந்தமையே இதற்குக் காரணம்.

உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து நீரைக் கொண்டுசெல்லக் குழாய் உண்டு. அக்குழாயே நாளம் எனப்படும். அட்ரினல் சுரப்பிக்கு அத்தகைய நாளம் இல்லை. தான் சுரப்பதை அது நேரே குருதியில் கலக்கிறது. குருதியோ உடலெங்கும் அதனைக் கொண்டுசேர்க்கிறது. இவ்வாறு குருதிவழிச் சென்று தொலைவிலுள்ள உறுப்பைச் செயற்படுத்தும் பொருளுக்கு 'ஹார்மோன்' என்னும் பெயரை இங்கிலாந்து நாட்டு உடலியங்கியல் அறிஞர் ஸ்டார்லிங் 1905ஆம் ஆண்டு வழங்கினார். தூண்டி எழுப்புதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அப்பெயர். தமிழில் 'இயக்குநீர்' என்னும் ஆக்கம் அம்மூலப் பொருளுக்கு மிகவும் நெருங்கியதாகும்.

பரிசு பெறாத வினா

அட்ரினல் சுரப்பியை 16ஆம் நூற்றாண்டில் இத்தாலிய உடற்கூற்று அறிஞர் யூஸ்டாக்கி கண்டு விவரித்தார். ஆயினும் அது எதற்காக இருக்கிறது என்பது விளங்கவில்லை. 1716இல் பிரான்சு நாட்டின் போர்தோ நகர அறிவுக்கழகம் 'அட்ரினல் சுரப்பிகளின் பயன் யாது?' என்னும் வினாவை முன்வைத்துக் கட்டுரைப் போட்டி ஒன்றை அறிவித்தது. வந்த கட்டுரைகளைப் பற்றி 1718இல் தீர்ப்புரைத்தவர், பின்னாளில் அரசியல் சிந்தனையாளராகப் புகழ்பெற்ற மாண்டெஸ்கியூ ஆவார். பரிசுக்குரிய கட்டுரை ஒன்றும் இல்லை என்பதே அவரது தீர்ப்பு.

விடையின் முதற்கீற்று 1855இல் வெளிப்பட்டது. இலண்டன் கைஸ் மருத்துவமனையின் மருத்துவர் தாமஸ் அடிசன், நோயாளர் 11 பேரைப் பற்றிய நூல் ஒன்றை அவ்வாண்டு வெளியிட்டார். அவர்கள் நாளுக்கு நாள் தளர்ந்தனர், பசி குன்றி எடை இழந்தனர், நாடி நலிந்தது, தோல் கருத்தது. இறந்தபின் ஆராய்ந்தபோது அவர்தம் அட்ரினல் சுரப்பிகள் கெட்டிருந்தன. அந்நாளில் இக்கேட்டுக்குப் பெருங்காரணம் காசநோய். அடுத்த ஆண்டே பிரௌன்-சேக்கார் என்னும் அறிஞர் விலங்குகளின் அட்ரினல் சுரப்பிகளை அகற்றிப் பார்த்தார். அவ்விலங்குகள் விரைவில் மடிந்தன. பயன் யாதெனத் தெரியாமல் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளாகப் புதிராக நின்ற உறுப்பு, உயிர் வாழ இன்றியமையாதது என்பது இவ்வாறு நிறுவப்பட்டது. இச்சுரப்பி கெடுதலால் வரும் நோய் இன்றும் 'அடிசன் நோய்' என்றே வழங்குகிறது.

வடிகட்டி மட்டுமன்று, சுரப்பியும் ஆகும்

சிறுநீரகம் கழிவை அகற்றும் வடிகட்டி என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். அதன் உழைப்பின் அளவை அறிந்தோர் சிலரே. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் நெஃப்ரான்கள் என்னும் நுண்வடிகட்டிகள் உள்ளன. இதயம் செலுத்தும் குருதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவற்றை நோக்கியே பாய்கிறது. ஒரு நாளில் 180 லிட்டர் நீர் வடிக்கப்படுகிறது. அந்நீருடன் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ உப்பும் வெளியேறுகிறது. இவ்வளவும் இழக்கப்படின் மனிதன் ஒரு பொழுதும் வாழ இயலாது. ஆதலின் நெஃப்ரானின் நீண்ட நுண்குழல்கள் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்டதைக் குருதிக்கே திருப்பித் தந்துவிடுகின்றன. எஞ்சிய ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது.

எவ்வளவு திருப்பித் தரவேண்டும் என்பதை இயக்குநீர்கள் முடிவு செய்கின்றன. அவற்றுள் சிலவற்றைச் சிறுநீரகமே ஆக்குகிறது. குருதியில் உயிர்வளி குறைந்தால் சிறுநீரகம் எரித்ரோபொய்ட்டின் என்னும் இயக்குநீரைச் சுரக்கிறது. எலும்பு மச்சை அதனை ஏற்றுச் சிவப்பணுக்களை மிகுதியாக ஆக்குகிறது. சிறுநீரகம் செயலிழந்தோர் சோகையுற்று வெளிறிக் காணப்படுவது இவ்வியக்குநீர் குறைவதனாலேயே. 1977இல் கோல்ட்வாசர், மியாகே, குங் ஆகியோர் சோகை நோயாளரின் சிறுநீர் 2,550 லிட்டரிலிருந்து இப்பொருளைத் தூய வடிவிற் பிரித்தனர். கிடைத்தது சில மில்லிகிராமே. ஆயினும் அச்சிறுதுளியே வழிகாட்ட, 1989இல் இது மருந்தாக அமெரிக்காவில் ஏற்பளிக்கப்பட்டது. டயாலிசிஸ் செய்துகொள்வோர் பலர் இன்று அடிக்கடி குருதி ஏற்றிக்கொள்ளும் நிலையிலிருந்து விடுபட்டிருப்பது இதன் பயனாகும். வெயிலாலும் உணவாலும் நாம் பெறும் வைட்டமின் டி சத்தினை முழுமையாகச் செயற்படும் வடிவுக்கு மாற்றுவதும் சிறுநீரகத்தின் பணியே. எலும்பின் உறுதி அதனைச் சார்ந்துள்ளது.

உப்பைக் காக்கும் கட்டளை

சிறுநீரகம் சுரக்கும் மற்றொரு பொருள் ரெனின். 1898இல் ஸ்டாக்ஹோம் நகரில் டிகர்ஸ்டெட் என்பவரும் அவருடைய மாணவர் பெர்க்மனும் முயலின் சிறுநீரகச் சாற்றை வேறு முயல்களின் குருதியிற் செலுத்தினர். குருதி அழுத்தம் உயர்ந்தது. சாற்றிலிருந்த பொருளுக்கு ரெனின் எனப் பெயரிட்டனர். உலகம் அதனைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. 1934இல் அமெரிக்க மருத்துவர் கோல்ட்பிளாட் நாய்களின் சிறுநீரகத் தமனியை வெள்ளிக் கவ்வியால் நெருக்கிக் குருதி வரவைக் குறைத்தபோது, நிலைத்த உயர் அழுத்தம் தோன்றியது. சிறுநீரகத்துக்கும் குருதி அழுத்தத்துக்கும் உள்ள உறவு அதன் பின்னரே வலுவாக நிலைபெற்றது.

இவ்வுறவு நிகழும் முறை வருமாறு: வயிற்றுப்போக்காலோ குருதி இழப்பாலோ அழுத்தம் தாழ்கிறது. சிறுநீரக நுண்தமனிகளின் சுவரிலுள்ள உணர்செல்கள் அதனை உணர்ந்து ரெனினை வெளியிடுகின்றன. ஈரல் ஆக்கிக் குருதியில் மிதக்கவிட்டுள்ள ஒரு புரதத்தை ரெனின் வெட்டுகிறது. வெட்டுண்ட துண்டு, பெரும்பாலும் நுரையீரலின் குருதி நாளங்களில், மற்றொரு நொதியால் மேலும் குறுக்கப்பட்டு ஆஞ்சியோடென்சின் என்னும் வலிய பொருளாகிறது. அது குருதிக் குழாய்களைச் சுருக்குகிறது, தாகத்தைத் தூண்டுகிறது, அதனோடு அட்ரினல் சுரப்பியை அடைந்து, அல்டோஸ்டிரோன் என்னும் இயக்குநீரைச் சுரக்கச் செய்கிறது.

அல்டோஸ்டிரோன் மீண்டும் சிறுநீரகத்துக்கே திரும்பிவந்து, 'உப்பை இழக்காதே, பொட்டாசியத்தை வெளியேற்று' எனக் கட்டளையிடுகிறது. உப்பு நிற்கவே நீரும் நிற்கிறது, குருதியின் கன அளவு மீள்கிறது, அழுத்தம் உயர்கிறது. உயர்ந்தவுடன் ரெனின் சுரப்பது குறைந்துவிடுகிறது. மேலிருப்பவர்க்குக் கீழிருப்பவர் ஓலை விடுத்து, மேலிருப்பவர் கீழிருப்பவர்க்கு மறுமொழி அனுப்பும் இவ்வொழுங்கு வியப்புக்குரியது. உடல் ஒரு நாளில் ஆக்கும் அல்டோஸ்டிரோன், கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவினதே. மிகச் சிறிய இவ்வளவு முற்றிலும் இல்லாதுபோயின் நாளொன்றுக்கு 10 முதல் 20 கிராம் வரை உப்புச் சிறுநீருடன் வீணாகக் கழியும். அடிசன் நோயாளர் உப்பை விரும்பி உண்பதன் காரணம் இதுவே. சிம்ப்சன், டெய்ட் என்னும் ஆய்வாளர் இருவர் சுவிட்சர்லாந்து அறிஞர் ரைக்ஸ்டைன் குழுவினருடன் இணைந்து 1953இல் இதனைத் தனித்துப் பிரித்தெடுத்தனர்.

இவ்வறிவிலிருந்து பிறந்த மருந்துகள் பல. பிரேசில் நாட்டில் ஜரராக்கா என்னும் விரியன் தீண்டினால் குருதி அழுத்தம் வீழும். அதன் நஞ்சிலுள்ள பொருளை அந்நாட்டு அறிஞர் பெரெய்ரா 1965இல் ஆராய்ந்து வெளியிட்டார். ஆஞ்சியோடென்சினை உருவாக்கும் நொதியை அது தடுப்பது பின்னர்த் தெளிவாயிற்று. அதனை மாதிரியாகக் கொண்டு ஆக்கப்பட்ட காப்டோப்ரில் 1981இல் அமெரிக்காவில் ஏற்பளிக்கப்பட்டது. இன்று கோடிக்கணக்கானோர் உண்ணும் குருதி அழுத்த மாத்திரைகளில் ஒரு பெரும்பிரிவு அதன் வழித்தோன்றல்களே.

புறணியும் அகணியும்

அட்ரினல் சுரப்பி ஒரே உறுப்பெனத் தோன்றினும் உண்மையில் இரண்டு சுரப்பிகளின் கூட்டாகும். வெளிப்பகுதி புறணி, உட்பகுதி அகணி. புறணி மூன்று அடுக்குகளை உடையது. வெளியடுக்கு மேற்கூறிய அல்டோஸ்டிரோனைச் சுரக்கிறது. நடுவடுக்குக் கார்டிசால் என்னும் இயக்குநீரைச் சுரக்கிறது. உள்ளடுக்குப் பாலின இயக்குநீர்களின் முன்னோடிப் பொருள்களைச் சுரக்கிறது.

இவற்றுள் கார்டிசால் பலவகைப் பணிகளை ஆற்றுவது. உணவில்லா வேளையில் ஈரலைத் தூண்டிச் சர்க்கரையை ஆக்குவிக்கிறது. நோயெதிர்ப்பு ஆற்றல் எல்லை மீறித் தன் உடலையே சுடாதவாறு அடக்கிவைக்கிறது. அழுத்தத்தைக் காக்கும் பிற இயக்குநீர்களின் அழைப்புக்குக் குருதிக் குழாய்கள் செவிசாய்க்குமாறு அவற்றைப் பதப்படுத்துகிறது. இதற்கென ஒரு நாளொழுங்கும் உண்டு. நாம் துயிலெழும் வைகறைப் பொழுதை ஒட்டி மிகுந்தும் நள்ளிரவை ஒட்டிக் குறைந்தும் கார்டிசால் சுரக்கிறது. காய்ச்சல், அறுவை, விபத்து ஆகிய நெருக்கடிகளில் நலமுள்ள சுரப்பி தன் சுரப்பைப் பன்மடங்கு பெருக்குகிறது.

அகணி சுரப்பது அட்ரினலின். அச்சம் வந்தவிடத்து நெஞ்சு படபடப்பதும் மூச்சு விரைவதும் உள்ளங்கை வியர்ப்பதும் நாம் அறிந்தனவே. எதிர்த்து நிற்கவோ தப்பி ஓடவோ உடலை ஆயத்தப்படுத்தும் பணி அது என அமெரிக்க அறிஞர் கேனன் 1915இல் விளக்கினார். 1901இல் இதனைத் தூய படிகமாகப் பிரித்து அறிவித்தவர் ஜப்பானியரான தகாமினே ஆவார். குளவி கொட்டியோ மருந்து ஒவ்வாமலோ மூச்சடைத்து வீழ்வோரைக் காக்கும் முதன்மையான ஊசி மருந்து இன்றும் இதுவே. புறணியிலிருந்து கார்டிசாலைச் சுமந்து வரும் குருதி அகணியைக் கடந்தே செல்கிறது. அகணி அட்ரினலினை ஆக்குவதற்கு அக்கார்டிசால் துணைநிற்கிறது. ஆக, உள்ளும் புறமும் ஒன்றையொன்று சார்ந்தே இயங்குகின்றன.

திரும்பிச் செல்லும் செய்தி

இனி, அளவு எவ்வாறு காக்கப்படுகிறது என்பதைக் காண்போம். கார்டிசால் சுரக்கும் ஆணை மூளையிலிருந்து பிறக்கிறது. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது, பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். என்னும் தூதுப் பொருளை விடுக்கிறது; அத்தூது அட்ரினல் புறணியைத் தூண்டுகிறது. கார்டிசால் போதிய அளவு பெருகியவுடன் அதுவே மூளைக்குச் சென்று, 'போதும்' என உரைக்கிறது. தூது நின்றுவிடுகிறது. ஏரியின் நீர்மட்டத்தைப் பார்த்து மதகை ஏற்றியும் இறக்கியும் நீர் விடுபவரைப் போல, மூளை கார்டிசாலின் மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. இதனைப் பின்னூட்டக் கட்டுப்பாடு என்பர்.

இவ்வொழுங்கில் ஒரு நுட்பம் உண்டு. மூளை மட்டத்தைப் பார்க்கிறதேயன்றி அது எங்கிருந்து வந்தது என ஆராய்வதில்லை. சுரப்பி சுரந்த கார்டிசாலாயினும், மாத்திரையாக விழுங்கிய அதன் ஒத்த பொருளாயினும் மூளைக்கு ஒன்றே. இந்நுட்பத்தை அறியாமையே பல இன்னல்களுக்கு வாயிலாகிறது.

உறங்கும் சுரப்பி

1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் ஹென்ச் என்னும் மருத்துவர், முடக்குவாதத்தால் நடக்க இயலாதிருந்த பெண்மணி ஒருவர்க்குக் கார்டிசோன் என்னும் அட்ரினல் இயக்குநீரை ஊசிவழிச் செலுத்தினார். சில நாள்களில் அவர் எழுந்து நடந்தார். உலகம் வியந்தது. 1950இல் ஹென்ச், கெண்டால், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஆயின் விரைவிலேயே மறுபக்கமும் புலனாயிற்று. நெடுநாள் உட்கொண்டோர்க்கு முகம் வட்டமாக உப்பியது, எலும்பு மெலிந்தது, சர்க்கரை நோய் தலைகாட்டியது, தொற்றுநோய்கள் எளிதிற் பற்றின. இவற்றினும் கொடிய செய்தி ஒன்றை 1952இல் அமெரிக்க மருத்துவ இதழ் வெளியிட்டது. கார்டிசோன் உட்கொண்டு வந்த ஒருவர் இடுப்பு மூட்டு அறுவைக்குப் பின் குருதி அழுத்தம் வீழ்ந்து இறந்தார். பிணக்கூறு ஆய்வில் அவருடைய அட்ரினல் சுரப்பிகள் இரண்டும் சுருங்கி மெலிந்து கிடந்தன.

காரணம் விளங்குவது எளிது. வெளியிலிருந்து மருந்து வந்துகொண்டே இருப்பதால், 'போதும்' என மூளை எண்ணுகிறது, தூது நின்றுபோகிறது, தூது வாராச் சுரப்பி உழைப்பின்றி உறங்கி மெலிகிறது. இந்நிலையில் மருந்தைத் திடீரென நிறுத்தினால் வெளி வரவும் இல்லை, உள் வரவும் இல்லை. உப்பைக் காக்கும் வெளியடுக்கு, சிறுநீரகத்தின் ஆணைக்கு உட்பட்டதாதலின் பெரும்பாலும் விழித்தே இருக்கும். ஆயினும் கார்டிசால் இன்மையால் குருதிக் குழாய்கள் தளர்கின்றன, சர்க்கரை குறைகிறது. வாந்தி, வயிற்றுவலி, கடுஞ்சோர்வு, அழுத்த வீழ்ச்சி, நினைவிழப்பு எனப் படிப்படியாக நிலைமை முற்றும். காலத்தே ஹைட்ரோகார்டிசோன் ஊசியும் உப்புநீர்ச் சொட்டும் கிடைத்தால் நோயாளி பிழைப்பார். தவறின் உயிரிழப்பார்.

அளவறிந்து கொடுத்தால் இதே பொருள் உயிர் காக்கும் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்கக் குடியரசுத் தலைவராக 1961இல் பொறுப்பேற்ற ஜான் கென்னடிக்கு 1947இல் இலண்டனில் அடிசன் நோய் கண்டறியப்பட்டது. 1954இல் முதுகு அறுவைக்குப் பின் தொற்றால் அவர் உயிர் ஊசலாடியது. இயக்குநீர் மருந்தைத் தொடர்ந்து பெற்றே அவர் பொதுவாழ்வில் இயங்கினார்.

நம்மிடையே நிகழ்வன

இச்செய்திகள் அயல்நாட்டுக்கே உரியன என எண்ணவேண்டா. பிரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் என்னும் பெயர்களில் கார்டிசாலின் உறவுப் பொருள்கள் நம் மருந்துக்கடைகளில் உள்ளன. இவையே ஸ்டீராய்டு என வழங்கப்படுவன. மூட்டுவலிக்கு ஒருமுறை மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வாங்கி உண்போர் உளர். 'உடல் தேறும், பசி எடுக்கும்' என அண்டை வீட்டார் சொல்லக் கேட்டு உண்போரும் உளர். உள்ளிருப்பது இன்னதென எழுதப்படாத பொட்டல மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தமை நம் நாட்டில் பன்முறை கண்டறியப்பட்டுள்ளது. வலி விரைந்து நீங்குவதால் மக்கள் அதனைக் கைராசி என நம்புகின்றனர்.

திருமணத்துக்கு முன் முகம் வெளுக்கவேண்டும் என்று ஸ்டீராய்டு களிம்பைப் பெண்மக்களுக்குப் பூசும் வழக்கமும் பரவியது. தோல் மெலிந்து, சிவந்து, பருக்கள் மண்டிய பின்னரே உண்மை தெரியவரும். 2018இல் இந்திய அரசு இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாப் பட்டியலிற் சேர்த்தது. சட்டம் வந்தாலும் பழக்கம் எளிதில் நீங்குவதில்லை.

கொரோனா காலம் இருபக்கப் பாடத்தையும் ஒருங்கே புகட்டியது. 2020இல் பிரித்தானியாவில் நடந்த பெரும் ஆய்வு, செயற்கைச் சுவாசம் தேவைப்பட்ட நோயாளரிடையே டெக்சாமெத்தசோன் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்ததைக் காட்டியது. 2021இல் நம் நாட்டின் இரண்டாம் அலையில், சர்க்கரை நோயுடன் ஸ்டீராய்டின் மிகைப் பயன்பாடும் சேர்ந்து கருப்புப் பூஞ்சை நோய் பரவ வழிவகுத்தது. கண்ணிழந்தோரும் உயிரிழந்தோரும் பலர். மருந்து ஒன்றே, அளவும் காலமும் தகுதியுமே வேறு.

ஆதலின் ஒவ்வோர் இல்லத்தாரும் மனங்கொள்ள வேண்டுவன சில. ஸ்டீராய்டு மாத்திரையைத் தாமாகத் தொடங்கலாகாது. மூன்று நான்கு வாரங்களுக்கு மேல் உட்கொண்டிருப்பின் தாமாக நிறுத்தலும் ஆகாது. மருத்துவர் படிப்படியாகக் குறைக்கும்போதே உறங்கிய சுரப்பி விழித்தெழும். அதற்கு மாதங்கள் பல ஆதலும் உண்டு. உண்டு வருவோர்க்குக் காய்ச்சலோ அறுவையோ நேர்ந்தால் அதனை மருத்துவரிடம் முதற்கண் கூறவேண்டும். அளவைக் கூட்டவேண்டி வரலாம். இடைவிடா வாந்தியால் மாத்திரை வயிற்றில் தங்காவிடின் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். மருந்தின் பெயர் எழுதிய சீட்டொன்று சட்டைப்பையில் எப்போதும் இருத்தல் நன்று. அதே வேளையில், மூச்சிரைப்புக்கு மருத்துவர் தந்த உறிஞ்சு மருந்தைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. அது சிற்றளவில் நேரே நுரையீரலை அடைவது. அச்சத்தால் அதனை நிறுத்துவதே பெருந்தீங்கு.

தோலின் நிறமாற்றத்தையும் பெரியோர் கவனித்தல் வேண்டும். கருநிறத்தாரான நம்மிடையே அடிசன் நோயின் கருமை எளிதில் புலப்படாது. உள்ளங்கை வரிகளும் பல்லீறும் புதிதாகக் கருத்து, சோர்வும் எடைக்குறைவும் உடன்வரின், வெயில் எனக் கருதி விட்டுவிடலாகாது. காசநோய் இன்னும் நீங்காத நம் நாட்டில் அந்நோயால் அட்ரினல் கெடுவது இன்றும் நிகழ்வதே.

நோன்பும் இயக்குநீரும்

நம் சமுதாயத்தார்க்கு நெருக்கமான ஒரு செய்தியையும் இங்குச் சேர்த்தல் பொருந்தும். ரமலான் மாதத்தில் வைகறை முதல் கதிர் மறையும் வரை 13 மணி நேரத்துக்கும் மேலாக உண்ணாமலும் பருகாமலும் இருக்கிறோம். நலமுள்ள உடல் இதனை எவ்வாறு தாங்குகிறது? குருதி சற்றே செறிவடைந்தவுடன் பிட்யூட்டரியிலிருந்து வேசோப்ரஸின் என்னும் இயக்குநீர் புறப்பட்டு, 'நீரைக் காத்துக்கொள்' எனச் சிறுநீரகத்துக்கு உரைக்கிறது. சிறுநீர் குறைந்து மஞ்சள் நிறம் மிகுகிறது. உப்பின் இழப்பைத் தடுக்க அல்டோஸ்டிரோன் துணைவருகிறது. ஈரலின் சேமிப்பு கரைந்து சர்க்கரையாக, அதற்குக் கார்டிசாலும் துணைநிற்கிறது. மாலையில் நோன்பு திறந்து நீர் பருகியதும் இக்கட்டளைகள் ஒவ்வொன்றாகத் தளர்கின்றன.

இவ்வொழுங்கே குலைந்தவர் நிலை வேறு. அட்ரினல் குறைபாடுடையோரும், ஸ்டீராய்டு நீண்டநாள் உண்போரும், சிறுநீரகம் நலிந்தோரும் ரமலானுக்குச் சில வாரங்கள் முன்னரே மருத்துவரைக் கண்டு கலந்துரைத்தல் வேண்டும். சிலர்க்கு மருந்தின் வகையையும் வேளையையும் மாற்றிச் சஹர் பொழுதில் உண்ணுமாறு அமைத்துத்தர இயலும். சிலர்க்கு நோன்பே தகாது என மருத்துவர் கூறுவர். தாமாகவே ஒருவேளை மாத்திரையை விட்டுவிடுதல் எவர்க்கும் தகாது. நோயுற்றோர்க்குத் திருமறை சலுகை தந்துள்ளது. பின்னொரு நாளில் நோற்கவும், அதற்கும் இயலாதோர் ஏழைக்கு உணவளிக்கவும் வழி உண்டு. அச்சலுகையை ஏற்பது குறைவன்று என முதியோர்க்கு எடுத்துரைக்கும் கடமை, கற்ற இளைஞர்க்கும் ஆலிம் பெருமக்களுக்கும் உண்டு.

முடிவுரை

சிறுநீரகமும் அட்ரினல் சுரப்பியும் ஒன்றுக்கொன்று செய்தி விடுத்து, உப்பையும் நீரையும் அழுத்தத்தையும் சர்க்கரையையும் காக்கின்றன. 'வேண்டும்' என்னும் சொல்லைப் போலவே 'போதும்' என்னும் சொல்லையும் அவை அறிந்திருப்பதனாலேயே உடல் நிலைபெறுகிறது. அச்சொற்களை நாம் மருந்தின் வடிவில் வெளியிலிருந்து சொல்லும்போது, எவ்வளவு, எதுவரை என்பதை அறிந்தோர் வாயிலாகவே சொல்லவேண்டும்.

இச்செய்தி மருத்துவக் கல்லூரி மாணவர்க்கு நன்கு தெரிந்ததே. தெரியவேண்டியவரோ, மருந்துக்கடை வாயிலில் பழைய சீட்டுடன் நிற்கும் நம் தாய்தந்தையர். அவர்கட்கு விளங்கும் மொழியில் இதனை எடுத்துரைக்கத் தமிழ் கற்றோர் முன்வரவேண்டும். மாணவர்கள் இன்று இல்லம் திரும்பியதும் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும் படித்து, இன்னது எதற்கென்று பெரியவர்களிடம் கேட்டறிதல் நன்று. பெயர் தெரியாத மாத்திரை ஒன்று இருப்பின், அதனைத் தூக்கி எறியவும் வேண்டா. தொடர்ந்து உண்ணவும் வேண்டா. அன்றே மருத்துவரிடம் கொண்டுசென்று காட்டுக.